எச்டியில் எடுத்த கல்யாண வீடியோ டிவிடியில் ஏன் மங்கியது? கசெட்டுகளை இனி என்ன செய்வது?

கேள்வி சுருக்கமாக இது. அக்காவின் கல்யாணம் 2007இல் வெள்ளவத்தையில் நடந்தது. வீடியோக்காரர் "எச்டியில் எடுக்கிறோம்" என்று சொல்லி அதற்கென்று கூடுதல் காசும் வாங்கினார். கிடைத்த டிவிடியை இன்றைய பெரிய தொலைக்காட்சியில் போட்டால் படம் மங்கல், ஆட்கள் நடக்கும்போது ஓரங்கள் நடுங்குகின்றன. அம்மம்மா வந்து ஆசீர்வதிக்கும் இடத்தில் அவருடைய வாய் அசைகிறது, கேட்பதோ சினிமாப் பாட்டு. அம்மம்மா இப்போது இல்லை. அலமாரியில் 9 மினிடிவி (MiniDV) கசெட்டுகள் கிடக்கின்றன, உறையில் எச்டிவி (HDV) என்று எழுதியிருக்கிறது. வீடியோக்காரர் ஏமாற்றினாரா? இந்தக் கசெட்டுகளால் இனிப் பயன் உண்டா?

தங்கச்சி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். பயன் உண்டு. அந்த டிவிடியைவிட எத்தனையோ மடங்கு நல்ல படம் அந்தக் கசெட்டுகளில்தான் இருக்கிறது. அம்மம்மா அக்காவிடம் என்ன சொன்னார் என்பதும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. பாட்டு எடிட் மேசையில் போடப்பட்டது. கமரா ஓடியபோது மைக் திறந்துதான் இருந்தது. அதனால் இந்தப் பதிலை முழுதாக வாசித்து முடிக்கும்வரை எந்தக் கசெட்டையும் எந்தக் கமராவிலும் போட்டுப் பார்க்காதீர்கள்.

ஏமாற்றினாரா என்பதற்குக் கொஞ்சம் விரிவாகத்தான் பதில் சொல்ல வேண்டும். 2005 முதல் 2010 வரை கொழும்பில் இதே வகைக் கமராக்களோடு கல்யாண மண்டபங்களுக்குப் போனவன் நான். நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால், அவர் எச்டியில் எடுத்தது உண்மையாகவே இருக்கும். அது உங்கள் கைக்கு வரும் வழியில்தான் இழப்பு நடந்திருக்கிறது.

எச்டிவி என்பது 2003இல் சோனி, கனன், ஜேவிசி, ஷார்ப் ஆகிய நான்கு நிறுவனங்கள் சேர்ந்து அறிவித்த முறை. ஏற்கெனவே கடைகளில் இருந்த அதே மினிடிவி கசெட்டில், அது ஓடும் அதே வேகத்தில், அதே 60 நிமிடத்துக்கு எச்டி படத்தைப் பதிவது. கசெட்டில் எழுதப்படும் அளவும் ஏறக்குறைய பழையதுதான், வினாடிக்கு 25 மெகாபிட். படமோ 1440க்கு 1080 புள்ளிகள். நம் நாட்டு டிவிடியின் படம் 720க்கு 576. பெருக்கிப் பார்த்தால் புள்ளிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய நாலு மடங்கு. நாலு மடங்குப் படத்தை அதே இடத்துக்குள் எப்படி அடைத்தார்கள் என்பது தெரிந்தால், உங்கள் வீடியோவின் நல்லது கெட்டது எல்லாமே விளங்கிவிடும்.

பழைய மினிடிவி ஒவ்வொரு ஃப்ரேமையும், அதாவது ஓடும் படத்தின் ஒவ்வொரு தனிப் படத்தையும், தனித்தனியாகச் சுருக்கி எழுதும். எச்டிவியில் எம்பெக்-2 சுருக்கம். நம் 50 ஹெர்ட்ஸ் முறையில் (வினாடிக்கு 25 ஃப்ரேம்) 12 ஃப்ரேம்களை ஒரு கூட்டமாக எடுத்து, அதில் ஒன்றை மட்டும் முழுதாக எழுதும். மற்ற பதினொன்றுக்கும் என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும். மணவறையில் மாப்பிள்ளையும் பொம்பிளையும் அசையாமல் இருக்க ஐயர் மந்திரம் சொல்லும் காட்சிக்கு இது அருமையாக வேலை செய்யும். மாற்றம் குறைவு, ஆகவே இருக்கும் இடமெல்லாம் கூறைச்சேலையின் சரிகைக்குப் போகும்.

தாலி கட்டும் நேரத்தை இப்போது நினைத்துப் பாருங்கள். கெட்டிமேளம் முழங்குகிறது. நூறு பேர் ஒரே நேரத்தில் அறுகரிசியும் பூவும் எறிகிறார்கள். ஒவ்வொரு அரிசியும் ஒவ்வொரு பக்கம் பறக்கிறது. ஓமப்புகை மெல்ல மெல்ல உருமாறிக்கொண்டே மேலே போகிறது. படம் பிடிப்பவர்களின் ஃப்ளாஷ் அடுத்தடுத்து வெட்டுகிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் முழுப்படமும் ஒரு கணம் வெளுத்து மறுகணம் பழையபடி ஆகிறது. "மாறியதை மட்டும் எழுது" என்று சொல்லிக்கொடுத்த கமராவுக்கு அங்கே மாறாதது என்று ஒன்றுமே இல்லை. அதனால்தான் எங்கள் வீடியோக்களில் மிக முக்கியமான அந்தப் பத்து வினாடியில் படம் சின்னச் சின்னக் கட்டங்களாக உடையும். அது கமராக்காரரின் தவறல்ல. நான் எத்தனையோ கல்யாணத்தில் அந்தக் கட்டங்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். எங்களால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: அந்த நேரத்தில் கமராவைக் கையில் தூக்கி ஆட்டாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, சூம் செய்யாமல், இருக்கும் அசைவோடு எங்கள் அசைவையும் சேர்க்காமல் விடுவது.

வெளிச்சம் அடுத்த சிக்கல். எச்டிவிக்கு முன்னால் கொழும்பில் நல்ல வீடியோக்காரர்கள் பலரின் கையிலும் இருந்தது சோனி பிடி170. அது 1 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்திலும் படம் தரும் என்று குறிப்பிடப்பட்ட கமரா. 2004 இறுதியில் வந்த சோனியின் எஃப்எக்ஸ்1 எச்டிவி கமராவுக்கு அந்தக் கணக்கு 3 லக்ஸ். புள்ளிகள் கூடியபோது ஒவ்வொரு புள்ளிக்கும் விழும் வெளிச்சம் குறைந்தது. பகல் முகூர்த்தத்தில் இது பெரிதாகத் தெரியாது. மாலை வரவேற்பில், அலங்கார விளக்கு மட்டும் எரியும் மண்டபத்தில், கெயினை, அதாவது கமரா படத்தை மின்னணு முறையில் பிரகாசமாக்கும் அளவை, 12, 18 டெசிபெல் என்று ஏற்ற வேண்டி வரும். ஏற்றினால் இருண்ட இடமெல்லாம் மணல் மணலாகக் கொதிக்கும். அந்த மணலும் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறுவது, ஆகவே சுருக்கத்துக்கு இருக்கிற இடத்தை அதுவும் தின்றுவிடும். இதனால்தான் எச்டிக்கு மாறிய பிறகு எங்களோடு வீடியோ லைட் பிடிக்கும் தம்பியும் கட்டாயமானார். பொம்பிளைக்கு முகம் வேர்க்கும், முன்வரிசையில் இருக்கும் முதியவர்கள் கண் கூசுது என்பார்கள். இரண்டுமே நியாயமான குறை. லைட்டை நேரே முகத்தில் அடிக்காமல் வெள்ளைக் கூரையில் பட்டுத் திரும்பவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. அப்படிச் செய்ய நான் பழகியது மிகவும் பிந்தித்தான்.

ஃபோக்கஸ் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கசெட்டில் சில இடங்கள் மங்கலாகவே இருக்கலாம். அந்தக் கமராக்களின் திரை மூன்றரை அங்குலம்தான். அந்தச் சின்னத் திரையில் எல்லாமே கூர்மையாகத் தெரியும். பிடி170இல் சற்று விலகிய ஃபோக்கஸை யாரும் கண்டுபிடிக்க முடியாது. எச்டியில் அது அப்படியே அம்பலமாகும். சாதாரண வீடியோவில் பல வருடம் தேர்ந்த கைகளுக்குக்கூட முதல் பத்துப் பதினைந்து எச்டி கல்யாணங்களில் இந்தப் பாடம் இருந்தது. எனக்கும் இருந்தது. ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் கைகள் மங்கலாகவும் பின்னால் நின்ற மாப்பிள்ளைத் தோழனின் தலைப்பாகை தெள்ளத் தெளிவாகவும் வந்ததை வீட்டுக்கு வந்து பார்த்தபோது அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் குடும்பத்திடம் போய் நடந்ததைச் சொன்னேன். அதன் பிறகு, ஆட்கள் மணவறையில் இருந்தவுடனேயே சூமை முழுக்க இழுத்து, பொட்டில் ஃபோக்கஸ் பிடித்து, திரும்ப அகலப்படுத்துவது வழக்கமாயிற்று.

கசெட் மாற்றுவது தனிக் கலை. 60 நிமிடம் என்பது ஐயருக்குத் தெரியாது. சைவக் கல்யாணத்தில் ஒரு நல்ல இடைவெளி உண்டு: கன்னிகாதானம் முடிந்து, கூறையை வாங்கிக்கொண்டு பொம்பிளை உடுத்தப் போகும் நேரம். அப்போது கசெட்டில் எத்தனை நிமிடம் மிச்சம் இருந்தாலும் அதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டுவிடுவோம், தாலி கட்டு நிச்சயமாக ஒரே கசெட்டில் வரவேண்டும் என்பதற்காக. உங்களிடமுள்ள கசெட்டுகளில் ஒன்று பாதியிலேயே வெறுமையாக இருந்தால் பதற வேண்டாம், அது கூறைக்கு முந்திய கசெட்டாக இருக்கும்.

அந்த வருடங்களின் கொழும்பை நீங்கள் சின்னப் பிள்ளையாக நினைவில் வைத்திருப்பீர்கள். காலி வீதியில் சோதனைச் சாவடிகள். கமராப் பை என்றால் கட்டாயம் திறக்கச் சொல்வார்கள், சில நேரம் கசெட்டில் என்ன இருக்கிறது என்று ஓடவிட்டும் காட்டச் சொல்வார்கள். ஓடவிட்டால் கசெட் நின்ற இடம் மாறிவிடும். அடுத்த மண்டபத்துக்குப் போனதும் பதிவு முடிந்த இடத்தைத் தேடி நிறுத்தாமல் பொத்தானை அமுக்கினால், காலையில் எடுத்த பொன்னுருக்கின் மேலேயே வரவேற்பு பதிவாகிவிடும். இதற்காகவே நாங்கள் முடிந்த கசெட்டில் இருக்கும் சின்ன நாக்கை 'சேவ்' பக்கம் தள்ளிவிட்டுத்தான் பையில் வைப்போம். உங்கள் கசெட்டுகளின் முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். 'ரெக்' பக்கம் நிற்பவை இருந்தால் இன்றைக்கே 'சேவ்' பக்கம் தள்ளிவிடுங்கள்.

எடிட்டுக்கு வருவோம். உங்கள் படம் நாலில் ஒன்றாகச் சுருங்கியது அநேகமாக இங்கேதான்.

அப்போதைய ஒரு சின்ன ஸ்டூடியோவில் இருந்தது ஒரு பென்டியம் 4 கணினி, வசதியிருந்தால் கோர் 2 டுவோ. எச்டிவியில் ஒரு ஃப்ரேமைக் காட்ட வேண்டும் என்றால், அது சார்ந்திருக்கும் மற்ற ஃப்ரேம்களையும் கணினி விரித்துப் பார்க்க வேண்டும். ஒரு வெட்டுப் போட்டால் இழுக்கும், இரண்டு கமராப் படத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் நின்றே போகும். கனோபஸ் எடியஸ் என்ற எடிட் மென்பொருள் வைத்திருந்தவர்கள் படத்தை அதன் எச்க்யூ என்ற, எடிட்டுக்கு இலகுவான கோப்பு வகைக்கு மாற்றி ஓரளவு சுகமாக வேலை செய்தார்கள். 2006இல் வந்த பிரீமியர் புரோ 2.0 எச்டிவியை நேரடியாகவே எடுத்தது. ஆனால் எச்க்யூவுக்கு மாற்றினால் கோப்பு பல மடங்கு பெருக்கும். ஒரு கல்யாணத்துக்கு ஒன்பது பத்துக் கசெட், மாதத்துக்கு எட்டுக் கல்யாணம், தை பிறந்தால் அதைவிடக் கூட. அந்த நாளில் வட்டுகள் 250 ஜிபி. வெப்பத்தில் இரவெல்லாம் ரெண்டர் ஓடும். விடியற்புறம் மின்சாரம் போனால் முதலில் இருந்து.

ஆகவே பலர் ஒரு குறுக்குவழி எடுத்தார்கள். சோனி கமராக்களில் ஒரு தெரிவு உண்டு: கசெட்டில் எச்டியாக இருப்பதை, கமராவையும் கணினியையும் இணைக்கும் ஃபயர்வயர் கம்பி வழியாக அனுப்பும்போது சாதாரண மினிடிவியாகச் சுருக்கி அனுப்புவது. அதைப் போட்டுவிட்டால் கணினிக்கு வருவது பழைய, பழகிய, இலகுவான படம். எடிட் வேகமாக முடியும். முடிவில் கொடுக்கப்போவது எப்படியும் டிவிடிதானே என்பது அவர்களின் நியாயம். அதில் பொய் இல்லை. டிவிடிக்கு எச்டி கொள்ளாது. எச்டி டிவிடியும் புளூரேயும் 2006இல் வந்து ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. தொஷிபா எச்டி டிவிடியைக் கைவிட்டது 2008 பெப்ரவரியில். 2007இல் நம்மில் யார் வீட்டில் புளூரே இருந்தது? பெரும்பாலான வீடுகளில் இருந்தது 21 அல்லது 29 அங்குலக் கனத்த தொலைக்காட்சி. அதில் அகலப் படம் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும். "படத்தை வெட்டிப்போட்டீர்கள்" என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. அதற்குப் பயந்து இரண்டு பக்கத்தையும் உண்மையிலேயே வெட்டிக் கொடுத்த ஸ்டூடியோக்களும் உண்டு. உங்கள் டிவிடி சதுரப் படமாக இருந்தால், ஓரத்தில் நின்ற உறவினர்கள் கசெட்டில் மட்டுமே இருப்பார்கள்.

நடுக்கத்துக்குக் காரணம் வேறு. அந்தப் படம் முழு ஃப்ரேமாக எடுக்கப்பட்டதல்ல. வினாடிக்கு 50 அரைப் படங்கள், ஒற்றை வரிகள் ஒருமுறை, இரட்டை வரிகள் மறுமுறை. எச்டிவியில் மேல் வரி முதலில், பழைய மினிடிவியில் கீழ் வரி முதலில். எச்டியை டிவிடிக்கு இறக்கும்போது இந்த ஒழுங்கைத் தவறாகக் குறித்துவிட்டால், ஒவ்வொரு அசைவும் ஒரு அடி முன்னே அரை அடி பின்னே என்று போகும். கணினித் திரையில் அது தெரியாது, தொலைக்காட்சியில்தான் தெரியும். ஒரு பழைய தொலைக்காட்சியை எடிட் மேசையிலேயே இணைத்து வைத்திருந்தவர்கள் தப்பினார்கள்.

கடைசி அடி டிவிடியின் நீளம். ஒரு தட்டின் கொள்ளளவு 4.7 ஜிபி. ஒரு மணி நேரம் மட்டும் போட்டால் வினாடிக்கு 8 மெகாபிட் தாராளமாகக் கொடுக்கலாம். நம் ஆட்களுக்குப் பொன்னுருக்கில் இருந்து வரவேற்பில் பிள்ளைகள் ஆடியது வரை எல்லாம் வேண்டும், அதுவும் ஒரே தட்டில். மூன்று மணி நேரத்தை அடைத்தால் வினாடிக்கு மூன்றரை மெகாபிட்டுக்கும் குறைவு, ஒலியும் அதற்குள்ளேதான். இரண்டு தட்டாகத் தருகிறேன் என்று நான் கெஞ்சிக் கேட்ட வீடுகள் உண்டு. இந்த ஒன்றில் மட்டும் நான் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

அதோடு நிற்கவில்லை. 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு, யாழ்ப்பாணத்தில் இருந்த பெரியவர்கள் பலரால் கொழும்புக் கல்யாணத்துக்கு வர முடியவில்லை. ரொறன்ரோவில், லண்டனில், பாரிஸில் இருந்த பாதிக் குடும்பமும் வரவில்லை. அந்த வீடியோ அவர்களுக்காகத்தான் எடுக்கப்பட்டது என்றே சொல்லலாம். லண்டனுக்கும் பாரிஸுக்கும் நம் பால் (PAL) தொலைக்காட்சி முறைத் தட்டு சரி. கனடாவில் என்டிஎஸ்சி முறை, அங்குள்ள பல இயந்திரங்களில் நம் தட்டு ஓடாது. வினாடிக்கு 25 ஃப்ரேமை 30 ஆக்கி ஒரு கொப்பி, அதுவும் அவசரத்தில். டிவிடி இயந்திரம் இல்லாத வீட்டுக்கு விசிடி, அதில் படம் 352க்கு 288. உங்கள் கையில் இருக்கும் தட்டு முதல் கொப்பியா, கனடா போய் வந்த கொப்பியின் கொப்பியா என்பதையும் பார்க்க வேண்டும்.

சரி, இனிக் கசெட்டுகளை என்ன செய்வது.

முதலில் ஒரு நல்ல செய்தி சொல்கிறேன். அந்த நாளில் எத்தனையோ ஸ்டூடியோக்கள் எடிட் முடிந்ததும் அதே கசெட்டில் அடுத்த கல்யாணத்தை எடுத்தன. நானும் முதல் இரண்டு வருடம் அப்படிச் செய்திருக்கிறேன், இன்றும் அது என் மனதில் உறுத்துகிறது. உங்கள் வீடியோக்காரர் கசெட்டுகளை உங்களிடமே கொடுத்திருக்கிறார். அவர் எச்டிக்கு வாங்கிய காசுக்கு நியாயம் செய்திருக்கிறார்.

கசெட்டின் சின்ன ஜன்னலை வெளிச்சத்தில் பிடித்து நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளையாகத் தூளோ படலமோ தெரிந்தால் அது பூஞ்சை. கடற்கரையோர வீடுகளில் இது சாதாரணம். அப்படியிருந்தால் அந்தக் கசெட்டை எந்தக் கமராவிலும் போட வேண்டாம். கமராவில் நாடாவை வாசிக்கும் தலையில் ஒட்டி, அடுத்த கசெட்டையும் கெடுக்கும். அதை அனுபவமுள்ளவரிடம் சுத்தம் செய்யக் கொடுக்க வேண்டும். சுருள் சுத்தமாகக் கறுத்து மினுங்கினால் நீங்களே செய்யலாம்.

தேவையானது எச்டிவி ஓட்டக்கூடிய கமரா. சாதாரண மினிடிவி கமராவில் போட்டால் கசெட் உள்ளே போகும், படம் வராது. சோனி எஃப்எக்ஸ்1, இசட்1, எச்டிஆர்-எச்சி (HDR-HC) வரிசைச் சின்னக் கமராக்கள், கனன் எச்வி20, எச்வி30 போன்றவை ஓட்டும். ஆனால் 50 ஹெர்ட்ஸ் வகையாக இருக்க வேண்டும். ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் விற்கப்பட்ட வீட்டுக் கமராக்கள் 60 ஹெர்ட்ஸ், நம் கசெட் அதில் ஓடாது. நான் சொன்னவற்றில் இசட்1 மட்டும் இரண்டையும் ஓட்டும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒன்பது கசெட்டும் ஒரே வகையாக இருக்கும் என்றும் நம்ப முடியாது. கனடாவில் இருந்து வந்த மாமா ஒருவர் தன் 60 ஹெர்ட்ஸ் சின்னக் கமராவில் எடுத்து, அந்தக் கசெட்டையும் எடிட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போவது எல்லாக் கல்யாணத்திலும் நடந்தது. எட்டுக் கசெட் ஓடி ஒன்று மட்டும் ஓடாவிட்டால், கசெட் பழுது என்று முடிவுகட்ட முன் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இணைப்பு ஃபயர்வயர் கம்பியில்தான். கமராவில் யூஎஸ்பி துளை இருந்தாலும் கசெட்டில் உள்ள எச்டி படம் அதன் வழியே வராது. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் கம்பி போட்டுப் பிடிக்கும் மலிவான குச்சிகள் வேண்டவே வேண்டாம், அது மறுபடியும் ஒரு டிவிடி எடுப்பதற்குச் சமம். ஃபயர்வயர் அட்டை போட்ட பழைய விண்டோஸ் கணினி ஒன்று போதும். ஆப்பிள் என்றால் பழையதாக இருக்கட்டும், ஏனெனில் 2025இல் வந்த மேக்ஓஎஸ் டாஹோவில் ஃபயர்வயரே இல்லை. கம்பியைச் செருகும்போது கமராவும் கணினியும் நிறுத்தியிருக்க வேண்டும். ஓடும்போது செருகி அந்தத் துளை எரிந்துபோன கமராக்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு கமராவின் பட்டியலுக்குள் போய், நான் முன்பு சொன்ன அந்தச் சுருக்கி அனுப்பும் தெரிவு நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சோனியில் 'ஐலிங்க் கொன்வ்' (i.LINK CONV) என்று இருக்கும். இதைக் கவனிக்காமல் ஒன்பது மணி நேரம் செலவழித்துச் சாதாரணப் படமாகவே எடுத்து வைத்தவர்கள் இருக்கிறார்கள். பிடித்த கோப்பின் அளவு 1440க்கு 1080 என்று காட்டினால் சரி, 720க்கு 576 என்றால் நிறுத்திவிட்டு மறுபடி.

பிடிக்க விண்டோஸில் எச்டிவிஸ்ப்ளிட் (HDVSplit) என்ற சின்ன இலவச மென்பொருள் போதும். கசெட்டில் உள்ளதை மாற்றாமல் அப்படியே எம்2டி (.m2t) கோப்பாக எழுதும், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 12 ஜிபி. ஒவ்வொரு கசெட்டையும் முதலில் ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றிவிட்டுத் தொடங்குங்கள், வருடக்கணக்காக ஒட்டிக்கிடந்த சுருள் தளரும். இடையில் அரை வினாடி படம் உறைந்து, ஒலியும் அறுந்து போனால் அது நாடாவில் விழுந்த ஒரு சின்னக் கீறல் அல்லது தூசி. பழைய மினிடிவியில் அதே தூசி ஒரு ஃப்ரேமில் நாலு கட்டமாகத் தெரிந்து போய்விடும். எச்டிவியில் 12 ஃப்ரேம் கூட்டமே போய்விடும். தலையைச் சுத்தம் செய்யும் கசெட்டைச் சில வினாடி ஓடவிட்டு, அந்த இடத்தை மட்டும் மறுபடி பிடியுங்கள். பாதித் தடவை இரண்டாம் ஓட்டத்தில் சரியாக வரும்.

கடையில் கொடுப்பதென்றால் கொடுக்குமுன் கேளுங்கள்: ஃபயர்வயரில் பிடிப்பீர்களா, எம்2டி கோப்பையே தருவீர்களா என்று. "டிவிடியாகத் தருகிறோம்" என்றால் கசெட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

எம்2டி கோப்புகள்தான் இனி உங்கள் மூலம். ஒன்பது கசெட்டும் 110 ஜிபிக்கு உள்ளேதான் வரும். இரண்டு தனித்தனி வட்டில், இரண்டு வீட்டில் வையுங்கள். பார்ப்பதற்கு அதிலிருந்து ஒரு எம்பி4 செய்துகொள்ளலாம். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் டிஇன்டர்லேஸ் (அரைப் படங்களை முழுப் படமாக்கும்) பகுதியில் 'பொப்' (Bob) என்ற தெரிவைப் போட்டால் அந்த 50 அரைப் படங்களும் 50 முழுப் படங்களாக விரியும், நடை இயல்பாக இருக்கும். வெறுமனே 25 ஆக்கினால் பாதி அசைவு போய்விடும். முகம் நீண்டு தெரிந்தால், 1440 அகலத்தை 1920 ஆக விரிக்கவில்லை என்று பொருள்.

ஒலி பற்றி எதிர்பார்ப்பை அளவாக வையுங்கள். மைக் கமராவில் இருந்தது, மணவறைக்கு நாலைந்து அடி தள்ளி. நாதஸ்வரம் உச்சத்தில் இருக்கும்போது யார் பேசியதும் கேட்காது. ஒலியைத் தானாகச் சரிசெய்யும் வசதியில் விட்டிருந்தால், மேளம் நின்றதும் சில வினாடிக்கு எல்லாமே தாழ்ந்து, பிறகு மெல்ல உயரும். ஆனால் பெரியவர்கள் வரிசையில் வந்து அறுகரிசி போட்டு ஆசீர்வதிக்கும் நேரத்தில் கெட்டிமேளம் ஓய்ந்திருக்கும், வீடியோக்காரரும் முகங்களுக்காகக் கிட்ட வந்திருப்பார். ஹெட்போனில் கேளுங்கள். இடது, வலது இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள், ஒன்றில் மண்டப மைக்கும் மற்றதில் கமரா மைக்கும் பதிந்திருக்கக்கூடும்.

அதனால் ஒன்றிலிருந்து ஒன்பது வரை வரிசையாகப் பிடிக்க வேண்டாம். ஏதாவது பிழைத்தாலும் பெரிதாக இழப்பில்லாத வரவேற்புக் கசெட் ஒன்றைப் போட்டு, கமராவும் கம்பியும் கோப்பின் அளவும் சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது நன்றாக வந்தால், தலையை ஒருமுறை சுத்தம் செய்துவிட்டு, தாலி கட்டுக்குப் பிந்திய கசெட்டைப் போடுங்கள்.